டெக்சாஸில் முதல் மான் வேட்டை: புதியவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

நம் ஊரில் வேட்டை என்றாலே வழக்கும் சிறையும்தான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. டெக்சாஸில் நிலைமை வேறு. இங்கே வெள்ளைவால் மான்கள் மட்டும் 50 லட்சம் இருக்கும். மாநில அரசே உரிமம் கொடுத்து ஆண்டுதோறும் வேட்டையாட விடுகிறது. ஹூஸ்டன், டாலஸ் பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கு இதில் ஆசை வந்தால், இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் விசா

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். எச்-1பி, எஃப்-1 விசாக்காரர்கள் நிதானமாகப் படியுங்கள். இந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு.

தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட 2019 முதல் மாநில உரிமம் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு நண்பரின் துப்பாக்கியோடு கிளம்பிவிடாதீர்கள். மத்தியச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

2. பயிற்சியும் உரிமமும்

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் பெற வேண்டும். 17 வயது ஆனவர்கள் இணையத்திலேயே முடிக்கலாம். ஆனாலும் நேரடி வகுப்புக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். துப்பாக்கியைக் கையில் வாங்குவது, வேலியைத் தாண்டும்போது அதை எங்கே வைப்பது என்பதெல்லாம் திரையில் பார்த்துப் படியாது. உரிமம் ஆகஸ்ட் 31 வரை செல்லும்.

3. இடமும் பருவமும்

டெக்சாஸில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம். குத்தகைக்கு எடுக்க நிறையச் செலவாகும். பொது நிலங்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை அதைவிட மிகவும் மலிவு. அங்கே ஆரஞ்சு நிற மேலாடையும் தொப்பியும் கட்டாயம்.

துப்பாக்கிக்கான பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். எத்தனை மான், எந்த அளவுக் கொம்பு என்பது கவுன்டிக்குக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) மாறும். நம் புள்ளிமானும் இங்கே உண்டு! 1932-இல் கொண்டுவரப்பட்டு, மத்திய டெக்சாஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் பெருகிவிட்டது. அதற்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை.

4. துப்பாக்கி

.243 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் ரைபிள் போதும், தோளில் உதைப்பது குறைவு. மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கவைத்து 100 கெஜத்தில் குறி சரிபார்த்துவிட்டு, மேசையை விட்டு எழுந்து உட்கார்ந்தும் முழங்காலிட்டும் பழகுங்கள். எந்தத் தூரத்தில் தட்டு அளவுக் குறியில் எல்லாக் குண்டும் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. காட்டில் அதைத் தாண்டிச் சுடக் கூடாது.

5. காத்திருப்பது

விடியலிலும் அந்தியிலும் மான் நடமாடும். சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம். காற்று மான் பக்கமிருந்து உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். உடை நிறத்துக்குச் செலவழிப்பதைவிட இதுதான் முக்கியம். மரத்தில் கட்டிய மேடையில் ஏறினால் பாதுகாப்புப் பட்டை கட்டாமல் ஏற வேண்டாம்.

6. சுடும் கணம்

மான் பக்கவாட்டில் முழுதாகத் தெரிய வேண்டும். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே வாருங்கள். உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். நுரையீரலும் இதயமும் அங்கேதான். நேராக உங்களைப் பார்த்து நிற்கிறதா, ஓடுகிறதா, பின்னால் இன்னொரு மான் இருக்கிறதா, மேட்டு விளிம்பில் நிற்கும் மானுக்குப் பின்னால் வானம்தான் தெரிகிறதா? விட்டுவிடுங்கள். கை நடுங்கினாலும் அப்படித்தான். அடிபட்ட மான் புதருக்குள் கிடந்து சாவதைவிட வெறுங்கையோடு வீடு திரும்புவது எவ்வளவோ மேல்.

7. சுட்ட பிறகு

உடனே ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும் மறைந்த இடத்தையும் மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அப்புறம் ரத்தத்தைப் பாருங்கள். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கல்லீரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக ஏதாவது கலந்து நாறினால் வயிற்றில் பட்டிருக்கிறது, இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து வெகுதூரம் போய்விடும்.

கிடைத்ததும் உரிமத்தோடு வந்த டேக்கை (அடையாளச் சீட்டை) உடனே நிரப்பி மானில் கட்டுங்கள். டெக்சாஸ் நவம்பரில் வெயில் இருக்கும், இறைச்சி சீக்கிரம் கெடும். தாமதிக்காமல் குடலை எடுத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். முதல் முறை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. இறைச்சியை விற்பது சட்டவிரோதம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். கொழுப்பு குறைந்த கறி என்பதால் தொடைக்கறியை மிளகு போட்டு நிதானமாக வேகவிடுங்கள். முதுகுக்கறியை அதிகம் வேகவைத்தால் ரப்பராகிவிடும்.