வண்டி தூங்கும் முன் பியூஸைப் பிடுங்காதீர்கள்

பழைய வண்டிகள் பலவற்றில் சுவிட்சைத் தட்டினால் கரண்ட் அந்தச் சுவிட்ச் வழியாகவே விளக்குக்குப் போகும். இன்றைய காரில் சுவிட்ச் ‘விளக்கைப் போடு’ என்று கேட்க மட்டும்தான் செய்யும். பி.சி.எம். எனப்படும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சின்னக் கணினிதான் அதைக் கவனித்து, கரண்ட்டை விடலாமா, எவ்வளவு விடலாம் என்று முடிவு செய்கிறது. கதவுப் பூட்டு, வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் பெரும்பாலும் இதே வழிதான். இது தெரியாமல் பழைய வயரிங் என்று நினைத்துக் கை வைப்பதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு வண்டி வருகிறது. உடனே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டுவார்கள். நாலைந்து ஆம்பியர் காட்டும். அவ்வளவுதான், லீக்கேஜ் என்று சொல்லி ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வண்டி முழுதாக விழித்திருக்கிறது. இணைப்பைக் கழற்றி மாட்டியதே அதை எழுப்பிவிட்டது. பி.சி.எம். போன்ற மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசி முடித்து, இழுக்கும் கரண்ட்டை மிகவும் குறைத்துத் தூங்கப் போக, வண்டியைப் பொறுத்துச் சில நிமிடத்திலிருந்து அரை மணி வரை ஆகும், சிலவற்றில் அதற்கு மேலும். தூங்கிய பிறகு 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். ஏதோ ஒரு மாட்யூல் தூங்காமல் அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர். அப்படிப் போனால் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்றே நாளில் காலி.

பியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினாலும் இதே கதை. அந்த மாட்யூல் புதிதாக எழுந்து மற்றவற்றையும் எழுப்பும், மறுபடி காத்திருக்க வேண்டும். பியூஸைக் கழற்றாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். கரண்ட் ஓடும் பியூஸில் சின்ன அளவு காட்டும், ஓடாததில் பூஜ்யம். அளக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டுமானால், கதவிலுள்ள லாட்ச்சை (பூட்டுக் கொக்கியை) ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் கதவு திறந்திருப்பதாகவே வண்டி நினைக்கும். (அதை விடுவிக்காமல் கதவைச் சாத்தினால் அது தனிச் செலவு.) ரிமோட் சாவியைத் தள்ளி வையுங்கள். டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் டிராக்கர் ஏதாவது செருகியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் இருக்கட்டும்.

அப்புறம், ஆக்சசரீஸ் கடை. இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. பல்ப் போட்டதும் வேகமாகத் துடிக்கிறதா? கரண்ட் குறைந்ததால் பல்ப் போய்விட்டது என்று பி.சி.எம். நினைக்கிறது, அவ்வளவே. பெரிய ஹாரனையும் ஃபாக் லாம்பையும் இருக்கிற வயரைச் சீவி ஒட்டுவது அதைவிட மோசம். பி.சி.எம்.முக்குள் இருக்கும் சின்னச் சிப்தான் அந்தக் கரண்ட் மொத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கும். பேட்டரியிலிருந்து தனி பியூஸ், தனி ரிலே (சின்னச் சிக்னலால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு எடுப்பதே சரி. ரிலேயை இயக்கும் சிக்னலை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சில விளக்குகளுக்கு பி.சி.எம். கரண்ட்டை நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுத் தரும். அந்த வயரில் ரிலேயை மாட்டினால் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

முறுக்கிய இரட்டை வயரைப் பார்த்தால், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பைக் கீழே வையுங்கள். அது அநேகமாக மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ், பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. வேகமான வகையில், பேச்சு இல்லாதபோது இரண்டு வயரிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட், பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப் இந்தச் சிக்னலைக் கெடுத்துவிடும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே ஓம் அளந்தால் ஏறத்தாழ 60 வர வேண்டும். 120 வந்தால் இரு முனைகளில் உள்ள ரெசிஸ்டர்களில் ஒன்றின் இணைப்பு அறுந்திருக்கலாம்.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி மாட்யூல்களைத் தாக்கும். மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்தாலே போதும், 14 வோல்ட் ஒட்டி வரும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில், போய் வரும் கரண்ட்டை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் ஜம்ப் கேபிளையோ சார்ஜரையோ நேரே அந்த முனையில் மாட்டாதீர்கள், பாடி எர்த்தில் மாட்டுங்கள். முனையில் மாட்டினால் உள்ளே போன சார்ஜ் சென்சார் கணக்கிலேயே வராது.