மிடி கீபோர்டு வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள்

என் முதல் மிடி கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கட்டையை அழுத்தினேன். ‘டக்’ என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும்தான் வந்தது. “கெட்டுப்போனத வாங்கிட்டு வந்துட்டியா?” என்றார் அம்மா. கெடவில்லை. மிடி கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற சேதியைக் கணினிக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஒலி வருவது மென்பொருளிலிருந்து.

விரலால் தட்டும், விளக்கெரியும் சதுரப் பேடுகளை எண்ணிப் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. அதே விலைக்குள் பேடும் குமிழும் கூடினால், பெரும்பாலும் கட்டையில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

நம் இசைக்கு முக்கியம் கட்டைகளுக்கு இடப்பக்கம் இருக்கும், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட். தோடி ராகத்தின் காந்தாரத்தைக் கட்டையில் மட்டும் தட்டினால் மொட்டையாக நிற்கும். வலது கை வாசிக்க, இடது கைப் பெருவிரல் அதை அசைக்க வேண்டும். அகாய் எம்பிகே மினி எம்கே3-இல் இதற்குச் சின்ன ஜாய்ஸ்டிக், ஆர்ட்டூரியா மினிலேப் 3-இல் தொடுபட்டை. தாளம் தட்ட வாங்குபவருக்கு அவை போதும். புல்லாங்குழலோ வீணையோ வாசிக்க எனக்கு உருளும் சக்கரம்தான் வேண்டும். எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49-இல் அது உண்டு, பேடு இல்லை. இன்னொன்று: பல மென்பொருள் வாத்தியங்களில் சக்கரத்தைக் கடைசிவரை தள்ளினாலும் சுருதி இரண்டு அரைச்சுரம்தான் நகரும், அதாவது ச-விலிருந்து சதுச்ருதி ரி வரை. நீள இழுக்க வேண்டுமானால் மென்பொருளில் அந்த எல்லையை மாற்றுங்கள். இது தெரியாமல் கீபோர்டையே விற்றுவிட்டார் ஒரு நண்பர்.

எத்தனை கட்டை? சிங்கப்பூர் வீவக (அடுக்குமாடி) வீட்டு அறையில் 88 கட்டை மேசையையே விழுங்கிவிடும். மந்திர பஞ்சமம் முதல் தார சுத்த மத்திமம் வரை 23 கட்டைதான். 25 கட்டை கீபோர்டில் ‘நான்கு கட்டை’ சுருதியை, அதாவது எஃப்-ஐ, ச-வாக வைத்துக்கொண்டால் அத்தனையும் அடங்கும். பாடுபவர் சுருதி ‘ஐந்து கட்டை’ என்றால், எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒன்றாக நகர்த்தும் டிரான்ஸ்போஸை இரண்டு அரைச்சுரம் ஏற்றினால் போதும். இடது கையில் கார்டும் (பல சுரங்களைச் சேர்த்து) பிடிப்பவர்கள் 49-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

மினி கட்டைகளைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போய், விரல் வைத்துப் பாருங்கள். வெளிநாட்டுத் தளத்தில் மலிவு என்று தோன்றினால் ஜிஎஸ்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற தளங்கள் 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் வசூலிக்கின்றன, இப்போது 9 விழுக்காடு. கரோசல் தளத்தில் பழையது வாங்கினால், கூடவந்த மென்பொருள் உரிமத்தை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டாரா என்று கேளுங்கள்.

அழுத்தியபின் ஒலி தாமதமாக வந்தால் கீபோர்டைத் திட்டாதீர்கள். புளூடூத் ஹெட்போனைக் கழற்றி, வயர் ஹெட்போனைச் செருகுங்கள். விண்டோஸ் கணினி என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் போட்டு, ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபரை 128 அல்லது 256 சாம்பிளுக்குக் குறையுங்கள்.

இரவில் வாசிக்கிறீர்களா, கீபோர்டுக்கு அடியில் தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். உங்கள் காதில் வீணை. மேசை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்குவது அந்த ‘டக் டக்’ மட்டும்தான்.