கோழித் தோலின் மஞ்சள் நிறத்துக்குத் தீவனம் அமைக்கும் முறை

மேலப்பாளையம் சந்தையில் கோழி வாங்குபவர் நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோலைப் பார்ப்பதுண்டு. அங்கே தெரியும் மஞ்சள், லூட்டீன், சியாசாந்தின் ஆகிய தாவர நிறமிகளால் வருவது. இவற்றைக் கோழியின் உடல் தானே உண்டாக்கிக்கொள்ளாது, தீவனத்திலிருந்துதான் பெற வேண்டும்.

தீவனத்தை மாற்றுமுன் காலைப் பாருங்கள். கால் மஞ்சளாகவோ பச்சை படர்ந்தோ இருந்தால் அக்கோழியின் தோல் நிறமியைத் தேக்கி வைக்கும். வெள்ளைக் காலும் நீலம் படர்ந்த சாம்பல் காலும் உள்ள கோழிகளின் தோல் நிறமியைச் சிதைத்துவிடுவதால், அவற்றுக்குச் செலவழிப்பது வீண். தேக்கி வைக்கும் இம்மரபணு, முண்டந்துறைக் காட்டிலும் கூவித் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் இனத்திலிருந்து வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது.

கம்பு, வெள்ளைச் சோளம், குருணை, தவிடு ஆகியவற்றில் இந்நிறமிகள் மிகக் குறைவு. மஞ்சள் மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கும். தீவனத்தில் அது 60 விழுக்காடு என்றால் கிலோவுக்குக் கிடைப்பது 12 மில்லிகிராம்தான், அதுவும் பழைய இருப்பாயின் இன்னும் குறையும். குறையை நிரப்ப நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பது கேந்திப் பூ, அதாவது செண்டுமல்லி. சங்கரன்கோவில் பூச்சந்தையில் விலை சரியும் நாளில் ஆரஞ்சு நிறப் பூவாக வாங்கி, மருந்து தெளிக்காதது என்று உறுதிசெய்துகொண்டு, காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கி, இதழை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறமி அழியும். கையில் நொறுங்கும் பதத்தில் பொடித்து, கிலோ தீவனத்துக்கு 3 முதல் 5 கிராம் வரை, சிறிது எண்ணெயில் பிசறிக் கலக்கலாம். கொழுப்போடு சேர்ந்தால்தான் குடல் இதை நன்கு ஈர்க்கும். முருங்கைக் கீரையும் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரும் துணைக்கு உதவும். விற்பனைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

மஞ்சள் தூளைத் தீவனத்தில் கலப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிலுள்ள குர்குமின் வேறு வகைப் பொருளாதலால் தோலில் அவ்வாறு படியாது. காரட்டின் நிறமியோ பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாறிவிடும்.

இவ்வளவு செய்தும் தோல் வெளிறியே இருந்தால் ரத்தக் கழிச்சலையும் தீவனத்தில் பூஞ்சை நஞ்சையும் சந்தேகித்து, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுவது நல்லது. முட்டையிடும் கோழியாயின் நிறமி முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போவதால் கால் வெளிறுவது இயல்பு.

உரிக்கும்போதும் கவனம் வேண்டும். மஞ்சள் தங்கியிருக்கும் மேல்தோல் 60 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் இறகோடு சேர்ந்து கழன்றுவிடும். 52 டிகிரி அளவில் சற்று நேரம் கூட்டி முக்கினால் இறகு மட்டும் வரும்.