நான்காம் நாளே ஓரம் கிளம்பிய ஜெல் நகச்சாயம் மூன்று வாரம் நின்ற விதம்

திருகோணமலையில் எங்கள் வீட்டு மேசையில் நானே ஜெல் நகச்சாயம் பூசத் தொடங்கிய முதல் ஆறு மாதங்களில், ஒரு தடவையேனும் அது ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை. நான்காம் நாள் காலையில் வலது கைப் பெருவிரலின் அடியில், தோலை ஒட்டிய இடத்தில், வெளிறிய கோடு ஒன்று பிறை போலத் தோன்றும். தலை வாரும்போது மயிர் அதற்குள் சிக்கும். ஆறாம் நாள் முழுச் சாயமும் ஒரே தகடாகக் கழன்று வரும். போத்தலில்தான் குறை என்று நம்பி மூன்று விதமான ஜெல் வாங்கிப் பார்த்தேன். மூன்றும் அதே விரலில், அதே இடத்தில் கிளம்பின. சாயம் மாறியும் கிளம்பும் இடம் மாறவில்லை என்றால் குறை சாயத்தில் இல்லை, நகத்தைத் தயாரித்த முறையில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. இப்போது என் நகங்களில் ஜெல் மூன்று வாரம் வரை ஓரம் அசையாமல் நிற்கிறது. அதே பழைய போத்தல்களைத்தான் பயன்படுத்துகிறேன்.

பேஸ் கோட் என்னும் அடிப்பூச்சு, நிறம், டொப் கோட் என்னும் மேற்பூச்சு, ஜெல்லை ஒளியால் இறுகச் செய்யும் ஜெல் விளக்கு ஆகியவை உங்களிடம் இருக்கின்றன என்றும், தூரிகையைப் பிடித்துப் பூசத் தெரியும் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவற்றோடு மேலும் சில பொருட்கள் வேண்டும். ஓரத்தைச் சீராக்க 180 எண் கொண்ட நக அரம், மேற்பரப்பைத் தேய்க்க 240 எண் கொண்ட பஃபர், தோலைத் தள்ளும் கருவி, நகத்தில் ஒட்டிய இறந்த தோலை (கியூட்டிகல்) கரைக்கும் திரவம், ஐசோபுரோப்பைல் அல்ககோல், தும்பு விடாத சிறு துணித் துண்டுகள், அசற்றோன், நக எண்ணெய் ஆகியவையே அவை. எண் குறையக் குறைய அரம் கரடுமுரடாகும். 100 எண் அரத்தை இயற்கை நகத்தில் வைக்கவே வேண்டாம். அது செயற்கை நகத்துக்கு உரியது. துடைப்பதற்குப் பஞ்சை நான் விரும்புவதில்லை, ஏனெனில் அதன் இழை ஒன்று பேஸ் கோட்டுக்குள் சிக்கினால் அந்த இடத்திலிருந்தே சாயம் உரியத் தொடங்கும்.

முதலாம் படி: கை உலர்ந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

அழகு நிலையங்களில் முதலில் விரல்களை இளஞ்சூட்டு நீரில் ஊற வைப்பார்கள். கியூட்டெக்ஸ் என்று நாம் பழகிவிட்ட சாதாரண நகச்சாயத்துக்கு அதனால் பெரிய தீங்கில்லை, ஜெல்லுக்கோ அதுவே பகை. நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது நீரை விரைவாக உறிஞ்சி உப்பும், பின்னர் உலர்ந்து சுருங்கும். உப்பிய நகத்தின் மேல் இறுகிய ஜெல், நகம் சுருங்கும்போது அதனோடு சேர்ந்து சுருங்காது. அந்த இழுபறியில் ஓரம் விட்டுப் போகிறது. ஆகையால் குளித்து, பாத்திரம் கழுவி, உடுப்புத் தோய்த்து முடித்த கையோடு மேசைக்கு வராமல், குறைந்தது இரண்டு மணித்தியாலம் விட்டுத் தொடங்குங்கள். உப்புவெளியில் கடல் குளித்துவிட்டோ, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடிவிட்டோ வந்த நாளாக இருந்தால், மறுநாளைக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

இரண்டாம் படி: வெட்டி வடிவமைத்தல்

விரல் நுனியைச் சற்றே தாண்டும் நீளம் போதும். அரத்தை ஒரே திசையில் இழுங்கள். நீண்ட நகம் எதிலாவது மோதும்போது நெம்புகோல் போல அடிப்பக்கத்தை இழுப்பதால், வீட்டுவேலை செய்யும் கைகளுக்குக் குட்டையான, முனை உருண்ட வடிவமே அதிக நாள் நிற்கும்.

மூன்றாம் படி: கண்ணுக்குத் தெரியாத படலத்தை அகற்றுதல்

என்னைத் தடுக்கி விழுத்திய படி இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நகத்தின் அடியில் தெரியும் தடித்த தோல் மடிப்பு உயிருள்ளது. அதை வெட்டினால் இரத்தம் வரும், கிருமியும் நுழையும். அந்த மடிப்பின் அடியிலிருந்து, வளரும் நகத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும் இறந்த தோலின் மெல்லிய படலம்தான் உண்மையான கியூட்டிகல். அது நகத்தின் நிறத்திலேயே இருப்பதால் பார்த்தவுடன் தெரியாது. நான் பல மாதங்களாக மடிப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணிப் படலத்தின் மேலேயே ஜெல் பூசி வந்தேன். ஜெல் நகத்தைப் பற்றவில்லை, தோலைப் பற்றியிருந்தது. தோல் உரிந்தபோது அதுவும் சேர்ந்து உரிந்தது.

ஒரு நாள் வாசலில், காலை வெயிலில் கையைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். சோற்றுப் பானையின் விளிம்பில் கஞ்சி வழிந்து காய்ந்தால் எப்படி ஒரு பளபளப்பற்ற தோல் தெரியுமோ, அப்படியொரு படலம் நகத்தின் அடியில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஏறி நின்றது. சுற்றியுள்ள நகம் மின்னியது, அது மட்டும் மின்னவில்லை. உங்கள் நகத்தையும் அப்படியே வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கூரை விளக்கின் கீழே இது தெரியாது.

அகற்றும் முறை எளிது. கியூட்டிகல் கரைக்கும் திரவத்தை ஒரு துளி வைத்து, போத்தலில் குறித்துள்ள நேரத்துக்கு மேல் விடாமல், தள்ளும் கருவியின் தட்டையான முனையை நகத்தோடு படியவைத்துச் சிறு வட்டங்களாக, அழுத்தமின்றி நகர்த்துங்கள். வெண்ணிறத் தூளாகப் படலம் சுருண்டு வரும். நகத்தின் இரு பக்கச் சுவர்களின் மூலைகளிலும் அது ஒளிந்திருக்கும், அங்கேயும் செல்லுங்கள். தூள் வருவது நின்றதும் நீங்களும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சுரண்டினால் நகமே மெலியும். பின்னர் அத்திரவம் சிறிதும் தங்காதபடி கழுவி, நன்றாக உலர விடுங்கள். வசதி இருந்தால் இந்தப் படியை மட்டும் முதல்நாள் இரவே முடித்துவிட்டு மறுநாள் பூசலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

நான்காம் படி: தேய்த்துத் துடைத்தல்

240 எண் பஃபரால் நகத்தின் மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும், விரலுக்கு நான்கைந்து தடவை தேய்த்தால் போதும். தூளைத் தட்டிவிட்டு, அல்ககோலில் நனைத்த துணியால் ஒவ்வொரு நகத்தையும், மூலைகள் உட்பட, அழுத்தித் துடையுங்கள். விரலுக்கு விரல் துணியின் புதிய பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

துடைத்த பின்னர் அந்த நகம் எதையும் தொடக்கூடாது. நான் துடைத்து முடித்ததும், நெற்றியில் விழுந்த மயிரை வலது கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒதுக்கிவிட்டே தூரிகையை எடுப்பேன் என்பதை என் தங்கை எதிரே இருந்து பார்த்துச் சொல்லும் வரை நான் அறியவில்லை. தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் நாங்கள். அந்த எண்ணெயின் ஒரு சுவடு போதும், பேஸ் கோட் நகத்தைப் பற்றாமல் போக. மயிரைக் கட்டிக்கொண்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அமருங்கள். வியர்வை கூடிய நாட்களில் மின்விசிறியின் கீழே அமர்ந்து, ஒவ்வொரு கைக்கும் பூசுவதற்குச் சற்று முன்னர் மீண்டும் ஒரு தடவை துடைப்பது நல்லது.

ஐந்தாம் படி: மெல்லிய பூச்சு, தோலைத் தொடாத பூச்சு

பேஸ் கோட்டை இயன்றவரை மெல்லியதாகப் பூசுங்கள். தோலுக்கும் சாயத்துக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். நகத்தின் வெட்டப்பட்ட நுனியையும் தூரிகையின் விளிம்பால் மூடிவிடுங்கள். நுனி திறந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே போகும். தோலில் வழிந்துவிட்டால், விளக்கில் வைப்பதற்கு முன்னரே ஈர்க்கு முனையில் சுற்றி அல்ககோலில் தோய்த்த துணியால் சுற்றிலும் துடைத்துவிடுங்கள்.

தோலில் படுவதைத் தவிர்ப்பதற்கு, நீடித்து நிற்பதை விடவும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இறுகாத ஜெல்லில் உள்ள அக்கிரிலேற்றுகள் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒரு தடவை அது ஏற்பட்டால் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடக்கூடும். பல் அடைப்பதற்குப் பயன்படும் சில பொருட்களிலும் இதே வகை வேதிப்பொருட்கள் உள்ளதால், பிற்காலத்தில் பல் வைத்தியரிடமும் அது சிக்கலாகலாம். ஹெமா என்ற மூலப்பொருள் கலந்த நகச்சாயங்களில், தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஜெல்லை இறுகச் செய்யும் ஒளித்தூண்டிகளில் ஒன்றான டிபிஓவை அவர்கள் 2025 செப்டெம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் முற்றாகத் தடை செய்துள்ளார்கள். ஆகவே மூலப்பொருட்பட்டியல் அச்சிடப்படாத போத்தலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை. நகத்தைச் சுற்றி அரிப்போ சிவப்போ கண்டால் ஜெல்லை நிறுத்திவிட்டுத் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆறாம் படி: விளக்கும் பெருவிரலும்

கையைத் தட்டையாக வைக்கும்போது நான்கு விரல்களின் நகங்கள் மேல்நோக்கி இருக்கும், பெருவிரலின் நகம் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். ஒளி அதன் ஒரு பாதியில்தான் நேராக விழும். மறுபாதி மேலே இறுகி, உள்ளே இறுகாமல் நிற்கும். ஆகவே முதலில் நான்கு விரல்களுக்கும் பூசி விளக்கில் வையுங்கள். பின்னர் இரு பெருவிரல்களுக்கும் பூசி, இரண்டையும் நகம் மேல்நோக்க ஒன்றாக உள்ளே வையுங்கள். எல்ஈடி விளக்குகளில் பொதுவாக 30 முதல் 60 செக்கன்கள் போதும் என்றாலும், உங்கள் ஜெல்லின் போத்தலில் உள்ள நேரத்தையே பின்பற்றுங்கள். 365, 405 நானோமீற்றர் ஆகிய இரண்டு அலைநீளங்களையும் தரும் விளக்கையே நான் பரிந்துரைப்பேன். யூஎஸ்பி வடத்தில் இயங்கும் உள்ளங்கை அளவு விளக்குகள் ஒரு நகத்தைத் திருத்துவதற்கு உதவும், பத்து விரல்களையும் அவற்றை நம்பி ஒப்படைக்க முடியாது. விளக்கில் வைத்ததும் நகம் சுடுகிறது என்றால் பூச்சு தடித்துவிட்டது என்று பொருள். கையை வெளியே எடுத்து, சற்று ஆறவிட்டு மீண்டும் வையுங்கள். புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்க, விரல்நுனி வெட்டிய கையுறை அணிந்துகொள்வது சன்ஸ்கிரீன் பூசுவதை விடச் சிறந்தது, ஏனெனில் சன்ஸ்கிரீனின் எண்ணெய் நகத்தில் ஏறிவிடும்.

நிறத்தை இரண்டு மெல்லிய பூச்சுகளாகவும், டொப் கோட்டை ஒரு பூச்சாகவும் இதே ஒழுங்கில் முடியுங்கள். நுனியை ஒவ்வொரு தடவையும் மூட வேண்டும். இறுதியில் தெரியும் பிசுபிசுப்பு, காற்றிலுள்ள ஒட்சிசன் மேற்படையை இறுக விடாததால் வருவது. அல்ககோலால் துடைத்தால் போய்விடும். ஜன்னலோரம் அமர்ந்து பூசாதீர்கள், சூரிய ஒளியே தூரிகையில் உள்ள ஜெல்லை இறுக்கிவிடும்.

வாசகி ஒருவர், பூசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு இருந்த காலத்தில் இதை நானும் சந்தித்தேன். காத்திருந்தால் ஜெல் மெல்ல வழிந்து தோலை அடையும். ஆகவே இறுகாத அந்தப் பூச்சை மட்டும் அல்ககோலால் துடைத்துவிட்டு, மின்சாரம் வந்ததும் அதை மீண்டும் பூசுங்கள். அதற்கு முன் இறுகிய பூச்சுகளுக்கு ஒன்றும் ஆகாது.

அதன் பின்னர்: எண்ணெயும் கையுறையும்

பூசும் முன் பகையாக இருந்த எண்ணெய், பூசி முடித்த கணத்திலிருந்து துணையாகிறது. எண்ணெய் ஊறிய நகம் வளையும். வறண்ட நகம் ஜெல்லுக்கு அடியில் பிளவுபடும். ஜொஜோபா எண்ணெயே என் முதல் தெரிவு, அது கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெய் போதும். இரவில் படுக்கும் முன் நகத்தின் அடியிலும் நுனியின் கீழ்ப்புறத்திலும் தேய்த்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் காலையிலும் ஒரு தடவை தேய்க்கிறேன். வாடைக்கால மழையில் இரவு மட்டும் போதுமாக இருக்கிறது.

பாத்திரம் கழுவும்போது றப்பர் கையுறை அவசியம். திருவலையில் தேங்காய் திருவும்போதும், நண்டின் ஓட்டை உடைக்கும்போதும் நகத்தைக் கருவியாக்க வேண்டாம். நண்டுக் காலைக் கடித்தோ, உலக்கை நுனியால் தட்டியோ உடைக்கலாம். குளிர்பானத் தகரத்தின் வளையத்தைக் கரண்டிக் காம்பால் நெம்புங்கள். கடலில் குளித்த நாளில் நன்னீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் வையுங்கள்.

மஞ்சளைப் பற்றிப் பலர் கேட்டதனால் இதைச் சேர்க்கிறேன். வெள்ளை, இளஞ்சிவப்பு போன்ற வெளிர் நிறங்களோடு கறி பிசைந்து சாப்பிட்டால் டொப் கோட் மஞ்சளாகும். சாப்பிட்ட உடனேயே ஒரு துளி சமையல் எண்ணெயால் துடைத்துப் பின்னர் சவர்க்காரம் போடுங்கள், ஏனெனில் மஞ்சளின் நிறம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எஞ்சும் கறை வெயில் பட்டால் வெளிறும்.

ஓரம் கிளம்பிவிட்டால், பசை வைத்து ஒட்டாதீர்கள். இடுக்கில் ஈரம் தங்கி, சூடோமோனாஸ் என்ற பக்டீரியா வளர்ந்து நகம் பச்சை நிறமாகலாம். அந்த விரலின் சாயத்தை மட்டும் அகற்றி, முதலிலிருந்து பூசுங்கள்.

அகற்றும் போது

விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்வதால், மூன்றாம் வாரத்தில் அடியில் 2 மில்லிமீற்றர் வெறும் நகம் தெரியும். எடை நுனிப்பக்கம் நகர்ந்துவிட்டதால், சாயம் உறுதியாக நின்றாலும் அப்போது அகற்றிவிடுங்கள். டொப் கோட்டின் மினுக்கத்தை 180 எண் அரத்தால் தேய்த்து, சுற்றியுள்ள தோலில் எண்ணெய் தடவி, அசற்றோன் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடங்கள் விடுங்கள். துடைப்பதற்கு மட்டுமே பஞ்சை விலக்கினேன்; இங்கே அதுவே பொருத்தமானது. ஜெல் வெந்த முட்டைத் தோல் போலச் சுருங்கி எழும். தள்ளும் கருவியின் ஒரு வருடலில் விழாத பகுதியை மீண்டும் 5 நிமிடம் சுற்றி வையுங்கள். விரலால் உரித்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். அடுக்கு இழந்த நகத்தில் அடுத்த தடவை ஜெல் சரியாகப் பற்றாது. அந்த நகம் அடியிலிருந்து நுனி வரை முழுதாக வளர்ந்து வர ஆறு மாதம் செல்லும்.