சுழலும் பாதுகாப்புக் கூண்டு செய்வது எப்படி: அச்சில்தான் ஓட்டை

ரகசியச் சாவிகளைச் சுமக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு. ஆள் இல்லாத அறையில் யாராவது பெட்டியைத் திறந்தாலோ துளை போட்டாலோ, அது உடனே சாவிகளை அழித்துவிட வேண்டும். வழக்கமான வழி, மெல்லிய கம்பித்தடங்கள் ஓடும் மெஷ்ஷைப் போர்டைச் சுற்றிப் போர்த்தி, கெட்டியாகும் எபாக்சிப் பிசின் ஊற்றுவது; தடம் அறுந்தால் சாவி அழியும். 1998இல், அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரமான ஃபிப்ஸ் 140-1இன் நான்காம் நிலைச் சான்று பெற்ற ஐபிஎம் 4758 என்ற மறையாக்கக் கார்டு அந்த வகை. வீட்டில் செய்தால் இரண்டு தொல்லை: எபாக்சிக்குள் சூடு தங்கிவிடும்; பொறுமைசாலி ஒருவர் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து மெஷ் தடங்களுக்கு மாற்று வயர் பற்றவைத்துவிட்டு நடுவில் வெட்டலாம்.

ஜெர்மானிய ஆய்வாளர்கள் யான் செபாஸ்டியன் கோட்டேயும் பியோர்ன் ஷொயர்மானும் 2022இல் வெளியான கட்டுரையில் இதற்கு ஒரு மாற்று சொன்னார்கள்: மெஷ்ஷை வேகமாகச் சுற்றவிடு. சுற்றும் தடத்தில் யாரும் பற்றவைக்க முடியாது. நிறுத்தினால், கூண்டில் உள்ள ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) காட்டிக்கொடுக்கும். கீழே இருப்பது அந்தக் கருத்தை ஒட்டி நான் கட்டிய எளிய வடிவம். 3டி பிரிண்ட், சால்டரிங், மைக்ரோகண்ட்ரோலர் எல்லாம் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எது சுற்றும், எது நிற்கும்

போர்டு நிற்கும், கூண்டு மட்டும் சுற்றும். 8 மி.மீ. வெளிவிட்டமும் 6 மி.மீ. உள்விட்டமும் கொண்ட அலுமினியக் குழாயை அடித்தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் இரண்டு 608 பேரிங்குகளை இடைவெளி விட்டு ஏற்றுங்கள். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் அதே பேரிங்தான்: உள்ளே 8, வெளியே 22, தடிமன் 7 மி.மீ. பேரிங்குகளின் மேல் கூண்டு. குழாயின் உச்சியில், கூண்டுக்குள், போர்டு. குழாய்க்குள் வயர்.

மேலே இன்னொரு ஷாஃப்ட் வைத்து இருபுறமும் தாங்கினால் ஆட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் கீழே மட்டும் தாங்கும் அமைப்பையே பரிந்துரைப்பேன். காரணம் படி 4இல் இருக்கிறது.

படி 2: கூண்டு

மேலும் கீழும் வட்டத் தகடு, நடுவில் நான்கு செங்குத்துப் பட்டைகள். எல்லாமே சர்க்யூட் போர்டுதான், எல்லாவற்றிலும் மெஷ் தடம். பட்டைகளுக்கு நடுவே திறப்பு இருந்தால் பரவாயில்லை. 500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 500 சுற்று) ஒரு சுற்றுக்கு 120 மில்லிசெகண்ட், ஆகவே 30 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு பட்டை கடந்து போகும். அந்த நேரத்துக்குள் கையை விட்டு எடுத்துவிட முடியாது. அந்தத் திறப்பு வழியாகவே காற்றும் போகிறது, சூடு ஒரு பிரச்சினையே இல்லை.

படி 3: வேகமும் சென்சாரும்

மைய முடுக்கம் கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் வருவது. 50 மி.மீ. ஆரத்தில் 500 ஆர்பிஎம்முக்கு 14 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 14 மடங்கு), 1000 ஆர்பிஎம்முக்கு 56 ஜி. எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல்345 சென்சார் 16 ஜி வரைதான் அளக்கும். எனவே தொடக்கத்துக்கு 500 போதும். வேகம் கூட்ட ஆசைப்பட்டால் 200 ஜி வரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்375 வாங்குங்கள்.

இரண்டு சென்சார், கூண்டின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே ஆரத்தில், இரண்டுக்கும் அளவு அச்சு வெளிநோக்கி. யாராவது மேசையைத் தட்டினால் ஒன்றில் கூடும், மற்றதில் குறையும். இரண்டையும் கூட்டினால் அது அடிபட்டுப்போய், சுழற்சி மட்டும் மிஞ்சும். ஒற்றைச் சென்சாரோடு ஓட்டினால் கதவைச் சாத்தும்போதெல்லாம் சாவி அழியும்.

வேகம் 1 சதவீதம் குறைந்தால் கூட்டுத்தொகை 2 சதவீதம் குறையும். அதற்கு நிலையான மேல் எல்லையும் கீழ் எல்லையும் வையுங்கள். ‘கடந்த ஒரு நிமிடச் சராசரியோடு ஒப்பிடுகிறேன்’ என்று புரோகிராம் எழுதாதீர்கள். மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தால் சராசரியும் கூடவே இறங்கும், கூண்டு சத்தமில்லாமல் நின்றுவிடும். மோட்டாரின் சுழற்சியைக் காந்தத்தால் உணரும் ஹால் சென்சார் சொல்வதையும் நம்ப வேண்டாம். அது கூண்டுக்கு வெளியே, எதிராளியின் கையில் இருக்கிறது.

படி 4: அச்சு

அதிக நேரத்தைத் தின்றது இந்தப் படிதான். விளிம்பில், 50 மி.மீ. ஆரத்தில், 500 ஆர்பிஎம்முக்கு வேகம் வினாடிக்கு 2.6 மீட்டர். மையத்துக்கு நெருங்க நெருங்க அது குறைந்துகொண்டே போய், நட்டநடுவில் பூஜ்யம். அங்கே கூண்டோடு சேர்ந்து சுற்ற ரோபோ எதுவும் தேவையில்லை. மோட்டாரில் மாட்டிய ஒரு கருவியை அச்சுக்கு நேராகப் பிடித்து அதே வேகத்தில் சுற்றினால், கருவிக்குக் கூண்டு நிற்பதுபோல்தான். சாவகாசமாகத் துளை போடலாம்.

இதற்குத் தீர்வு, மேல்தகட்டுக்குச் சில மி.மீ. கீழே, போர்டோடு சேர்த்து, சுற்றாத ஒரு மெஷ் தகடு. கூண்டோடு சுற்றும் கருவி உள்ளே வந்ததும் நிற்கும் மெஷ்ஷை உரசும். சுற்றாத கருவி முதலில் சுற்றும் மெஷ்ஷில் மாட்டும். இரண்டையும் ஒரே கருவியால் ஏமாற்றுவது கடினம். நிற்கும் தகட்டின் ஆரம் குறைந்தது 20 மி.மீ. இருக்கட்டும். கீழேயும் குழாயைச் சுற்றி இதேபோல் இன்னொன்று.

அடுத்தது குழாய். 6 மி.மீ. நேர்த்துளை என்பது போர்டுக்குப் போட்டுவைத்த சாலை. குழாயின் மேல்முனையை எஃகுக் கட்டையால் அடைத்து, பக்கவாட்டில் துளை போட்டு, வயரை அங்கே வளைத்து வெளியே எடுங்கள். மேலே ஷாஃப்ட் வேண்டாம் என்றது இதனால்தான்: அடைக்க வேண்டிய ஓட்டை ஒன்று குறைகிறது.

படி 5: மின்சாரமும் தகவலும்

சுற்றும் பாகத்துக்கு உரசியபடியே மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங் வாங்காதீர்கள். தேயும், இரைச்சல் தரும், தூசி கிளப்பும். முதல் முயற்சிக்குக் கூண்டில் எதிரெதிராக இரண்டு சின்ன பேட்டரி போதும்; அப்புறம் அச்சைச் சுற்றி வயர்லெஸ் சார்ஜிங் காயில் வைக்கலாம். தகவலுக்கு, மேல்தகட்டின் நடுவில் கீழ்நோக்கி ஒரு இன்ஃப்ராரெட் எல்இடி, நிற்கும் தகட்டின் நடுவில் அதைப் பார்க்கும் ஃபோட்டோடையோடு (ஒளியை உணரும் சென்சார்). மையத்தில் இருப்பதால் சுற்றினாலும் பார்வை மறையாது.

கூண்டு ‘ஆபத்து’ என்று சொல்லக் காத்திருக்கக் கூடாது. ‘நலம்’ என்று, எண்ணிக்கை ஏறும் மறையாக்கப்பட்ட செய்தியை இடைவிடாமல் அனுப்ப வேண்டும். அது நின்றால் சாவி அழியட்டும்.

படி 6: பேலன்ஸ்

சுழலும் பாகங்களின் சமநிலைக்கான ஐஎஸ்ஓ தரத்தில் ஜி 6.3 என்ற நிலை போதுமானது (இந்த ‘ஜி’ முடுக்க அளவு அல்ல). 300 கிராம் கூண்டுக்கு 500 ஆர்பிஎம்மில் அனுமதி சுமார் 36 கிராம்-மி.மீ.; அதாவது விளிம்பில் முக்கால் கிராம் பிசகலாம். குழாயைக் கிடையாகப் பிடித்து, கனமான பக்கம் கீழே வருகிறதா பாருங்கள். எதிர்ப்பக்கம் வாஷர் மாட்டி, எந்த நிலையில் விட்டாலும் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். 14 ஜி என்றால் 10 கிராம் பேட்டரி 140 கிராமாக இழுக்கும். பசை மட்டும் போட்டால் பறக்கும். நைலான் நட்டும் ஸ்க்ரூவும் போடுங்கள். முதல் ஓட்டத்தைத் தடித்த பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து நடத்துங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

மோட்டார் எது என்று கேட்டவர்களுக்கு: பிரஷ் இல்லாத, கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்ற எண்) குறைந்த டிரோன் மோட்டார், வெளியிலிருந்து ஜிடி2 என்ற பல்வைத்த பெல்ட்டால் கூண்டைச் சுற்றும். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. கூண்டு நிற்கும், சாவி போகும். ஆகவே மோட்டாருக்கும் போர்டுக்கும் சேர்த்தே யுபிஎஸ் வேண்டும். பெட்டியை இடம் மாற்றுவதாக இருந்தாலும் சாவியை நீங்களே அழித்துவிட்டு, போன இடத்தில் மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்கான நகலை இந்தப் பெட்டிக்கு அருகில் வைக்காதீர்கள்.