எம்எஸ் பேஷண்டோட எஃப்எம்ஆர்ஐ டேட்டாவ எஃப்எஸ்எல்ல ப்ராசஸ் பண்றது எப்படி?

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்எஸ், நரம்போட உறை சேதமாகற நோய்) இருக்கறவங்க வலது கை விரல தட்டுறப்போ எடுத்த எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யறத காட்டற ஸ்கேன்) கையில இருக்கு, ஸ்கேனர் குடுக்கற டைகாம் ஃபைல நிஃப்டி ஃபைலா மாத்தியாச்சு, மூளை ஸ்கேன அலசற எஃப்எஸ்எல் சாஃப்ட்வேரும் போட்டாச்சுன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கறேன். இதே வேலைக்கு இருக்கற எஸ்பிஎம்மும் நல்ல டூல்தான், ஆனா அதுக்கு வழக்கமா மேட்லாப்னு தனி சாஃப்ட்வேர் வேணும், அதனால புதுசா வர்றவங்களுக்கு என் ஓட்டு எஃப்எஸ்எல்லுக்குத்தான்.

ஸ்டெப் 1: ஃப்ளேர்ங்கற எம்ஆர்ஐ படத்துல லீஷன் (நோயால சேதமான திட்டு) எல்லாம் வெள்ளையா பளிச்னு தெரியும். அத வச்சு மாஸ்க் (லீஷன் இருக்கற இடம் 1, மத்த இடம் 0ன்னு குறிச்ச படம்) போடுங்க. ஆட்டோமேட்டிக் டூல் போட்டாலும் எஃப்எஸ்எல்லோட படம் பாக்கற டூலான எஃப்எஸ்எல்ஐஸ்ல ஒவ்வொரு ஸ்லைஸா தள்ளிப் பாத்து கையால திருத்துங்க.

ஸ்டெப் 2: மாஸ்க்க டி1 படத்துக்கு (மூளையோட அமைப்ப காட்டற எம்ஆர்ஐ) பொருந்தற மாதிரி கொண்டு வாங்க. ஒரே ஆளோட மூளைதான், 6 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (நகர்த்தறதும் திருப்பறதும் மட்டும்) போதும்.

ஸ்டெப் 3: லீஷன் ஃபில்லிங். எனக்கு ரொம்ப நேரம் பிடிச்சது இதுதான், நெறய பேர் இத தாண்டி போயிடறாங்க. டி1ல லீஷன் கருப்பா தெரியும், அந்த கருப்பு கிட்டத்தட்ட க்ரே மேட்டரோட (நரம்பு செல் இருக்கற பகுதி) நிறம், அதனால சாஃப்ட்வேர் வொயிட் மேட்டருக்கு (நரம்பு இழைப் பகுதி) நடுவுல இருக்கற லீஷன க்ரே மேட்டர்னு எண்ணிடும். அடுத்து எஃப்எம்ஆர்ஐ படத்த டி1 மேல பொருத்தறப்போ பிபிஆர் (எல்லைக்கோட்ட வச்சு பொருத்தற) முறை இந்த க்ரே-வொயிட் எல்லைக்கோட்டத்தான் நம்பும், கோடு தப்பா இருந்தா பொருத்தமும் நகர்ந்துடும். லீஷன் ஃபில்லிங் கமாண்டுக்கு டி1, லீஷன் மாஸ்க், வொயிட் மேட்டர் மாஸ்க் மூணும் குடுத்தா சுத்தி இருக்கற நல்ல வொயிட் மேட்டர் நிறத்த அந்த இடத்துல நிரப்பிடும். முடிஞ்சதும் பழைய டி1, புது டி1 ரெண்டையும் மாத்தி மாத்தி பாருங்க, வென்ட்ரிக்கிள் (மூளைக்குள்ள நீர் இருக்கற அறை) ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்த கருந்திட்டு இப்ப காணாம போயிருக்கணும், வென்ட்ரிக்கிள் மட்டும் அப்படியே இருக்கணும். அதுவும் சேந்து நிரம்பியிருந்தா மாஸ்க் உள்ள வழிஞ்சிருக்குன்னு அர்த்தம், ஸ்டெப் 1க்கு திரும்பிடுங்க.

ஸ்டெப் 4: ஃபீட்ல (எஃப்எஸ்எல்லுக்குள்ள எஃப்எம்ஆர்ஐய அலசற ப்ரோக்ராம்) நிரப்பின டி1ஐயே குடுங்க. க்ளஸ்டர் (சேந்து எரியற புள்ளிக் கூட்டம்) த்ரெஷோல்ட், அதாவது குறைந்தபட்ச இசட் மதிப்ப, 3.1க்கு கீழ இறக்காதீங்க, 2.3 மாதிரி தளர்வா வச்சா எவ்வளவு பொய்யான க்ளஸ்டர் வருதுன்னு 2016ல எக்லுண்ட் டீம் காட்டிட்டாங்க. ரிப்போர்ட்ல தலை அசைவு கிராஃப கண்டிப்பா பாருங்க, விரல் தட்டுற நேரத்துல மட்டும் தலையும் ஆடியிருந்தா அந்த ரன்ன (ஒரு தடவை எடுத்த ஸ்கேன) நம்ப வேண்டாம். எம்எஸ் பேஷண்ட்டுகளுக்கு சீக்கிரம் களைப்பு வரும், ஸ்கேன் ப்ளான் உங்க கையில இருந்தா ரன்ன சின்னதா வைங்க.

ஸ்டெப் 5: ரிசல்ட்ட படிக்கறது. வலது கைய அசைச்சா மூளையோட இடது மோட்டார் கார்டெக்ஸ் (அசைவ நடத்தற பகுதி) எரியணும், அதாவது படத்துல வேலை செய்யறதா காட்டணும், எம்எஸ்ல வலது பக்கமும் சேந்து எரியலாம். 2000ல ஆக்ஸ்ஃபோர்ட் டீம் இதத்தான் பாத்தாங்க: கை நல்லா வேலை செய்யற பேஷண்ட்டுகள்லயே, ஆக்சான் (நரம்பு இழை) சேதம் கூடக் கூட, அசையற கை இருக்கற பக்கத்து மூளையோட வேலையும் கூடிச்சு. மூளை ஈடு கட்டுதுன்னு இத எடுத்துக்கலாம், ஆனா பேஷண்ட், நோய் இல்லாதவங்கன்னு ஒப்பிடற ரெண்டு குரூப்பும் ஒரே வேகத்துல, ஒரே அளவுல தட்டினாங்களான்னு பாக்காம அப்படி எழுதறது எனக்கு கொஞ்சமும் பிடிக்காது, மெட்ரோனோம் வச்சு தட்ட வைங்க.

அப்டேட்: கமெண்ட்ல மாஸ்க் ஓரமெல்லாம் 0.3, 0.7னு வருதுன்னு கேட்டிருந்தீங்க. மாஸ்க்ல 0, 1 மட்டும்தான் இருக்கணும், அதனால ஸ்டெப் 2ல இன்டர்போலேஷன (படத்த மாத்தறப்போ புது மதிப்பு கணக்கிடற முறை) நியரஸ்ட் நெய்பர்னு மாத்துங்க, இல்லன்னா 0.5ல வெட்டுங்க.

இன்னொருத்தருக்கு ரெண்டு பக்கமும் சமமா எரியுதாம். ஸ்கேன் நடக்கறப்போ சும்மா இருக்க வேண்டிய இடது கைய யாராவது பாத்தாங்களான்னு கேளுங்க, இவங்கள்ல சிலருக்கு ஒரு கை அசையறப்போ இன்னொரு கையும் தன்னால கூட அசையும், அது ஈடு கட்டறதே இல்ல. இன்னொண்ணு, எஃப்எம்ஆர்ஐ அளக்கற போல்ட் சிக்னல் ரத்த ஓட்டத்த வச்சு வர்றது, எம்எஸ்ல ரத்தக்குழாய் வேலையும் மாறியிருக்கலாம், அதனால அத சரிபாக்க முடிஞ்சா மூச்சு பிடிக்கற ஒரு சின்ன ரன்னும் சேத்து எடுத்து வச்சுக்குங்க.