கறித்தூள் யாவாரம் தொடங்க முதல் தராசு வாங்குங்க

வீட்டுல கறித்தூள் செஞ்சு விக்க யோசிக்கிற ஆக்கள் முதல்ல ஒரு தராசு எடுங்க, மிஷின் எல்லாம் பிறகு பாக்கலாம். செத்தல் மிளகா ஒரு கிலோ வாங்கி காம்பு கிள்ளி, காயவச்சு, வறுத்து மில்லுல குடுத்தா திரும்பி ஒரு கிலோ வராது, நான் இத பாக்காம வாங்கின நிறைக்கே விலை போட்டு முதல் மாசம் கைக்காசுதான் போச்சு. அரைச்சு வந்த தூள நிறுத்து, கேஸ், மில்லுக்கூலி, தூள் அடைக்கிற பக்கட், எங்கட ஊர் ஆரையம்பதியில இருந்து டவுனுக்கு பஸ் காசு, உங்கட கூலி (நம்ம பொம்புளைகள் இத மட்டும் போடவே மாட்டாங்க!) எல்லாம் சேர்த்து 100 கிராமுக்கு என்ன வருதெண்டு பாருங்க. சூடு ஆறாம பக்கட் பண்ணினா உள்ளுக்க வேர்த்து கட்டியாகிடும். நாலு பேர் திரும்பி வந்து கேக்கத் தொடங்கினா ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) கடிதம் எடுத்து பிரதேச செயலகத்துல யாவாரப் பேர பதிஞ்சிருங்க.